உறிஞ்சு துளை குப்பைக் குழி அல்ல

சுண்ணாம்புக்கல் நிலங்களில் கட்டடத்துக்கும் குப்பைக் கிடங்குக்கும் அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். மழைநீரை நிலத்தடிக்குள் இழுக்கும் பள்ளத்தை, அதாவது உறிஞ்சு துளையை, 'பயனற்ற குழி' என்று குறித்து, நிரப்ப அனுமதி கேட்கும் மனுக்கள் உங்களிடம் வருகின்றன. கையெழுத்திடும் முன் இதைப் படியுங்கள்.

மண்ணில் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் விரிசல்களில் புகுந்து சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. கூடுதல் நீர் ஓடும் விரிசல் கூடுதலாக அகலும். அகன்றது இன்னும் நீரை இழுக்கும். மயிரிழை விரிசல் பல்லாயிரம் ஆண்டுகளில் ஆள் நுழையும் குகையாவது இப்படித்தான். அதன் மேல்வாய்தான் உங்கள் வரைபடத்திலுள்ள குழி. கீழ்வாய் யாரோ தண்ணீர் பிடிக்கும் ஊற்று.

உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இத்தகைய நீரைக் குடிக்கிறார். வியன்னா 1873 முதல் ஆல்ப்ஸ் சுண்ணாம்பு மலை ஊற்றுகளை நம்பியிருக்கிறது. அதற்காகவே அவற்றின் மேலுள்ள காடுகளையும் காக்கிறது.

மணலில் நிலத்தடி நீர் ஒரு நாளில் ஒரு மீட்டர் நகர்ந்தாலே வேகம்தான். அது வடிகட்டப்படுகிறது, கிருமி சாக நேரமும் கிடைக்கிறது. சுண்ணாம்புக் குகைவழியில் நீர் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். பெருமழை பெய்த சில மணி நேரத்தில் ஊற்று செம்மண் நிறத்தில் கலங்கினால், குழியில் கொட்டிய சாக்கடையும் அதே வேகத்தில்தான் வருகிறது. கனடாவின் வாக்கர்டனில் 2000 மே மாதம் கனமழைக்குப் பின் பண்ணைச் சாணக் கழிவு விரிசல் பாறை வழியே ஆழமற்ற கிணற்றில் கலந்தது. குளோரினும் போதவில்லை. 7 பேர் இறந்தனர். 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

ஆகவே சாயச் சோதனை இல்லாமல், அதாவது துளையில் ஊற்றிய சாயம் எந்த ஊற்றில் வெளிவருகிறது என்று பார்க்காமல், அனுமதி தராதீர்கள். முதலில் சுற்றியுள்ள ஊற்றுகளிலும் கிணறுகளிலும் சாயத்தைப் பிடித்துவைக்கும் கரித்துண்டுப் பொட்டலங்களைக் கட்டி, அங்கே ஏற்கெனவே சாயம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகே துளையில் ஃப்ளோரசீன் என்னும் சாயக் கரைசலை ஊற்றி, நீர் விட்டுத் தள்ள வேண்டும். பொட்டலங்களை அவ்வப்போது மாற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கண்ணால் பார்த்தால் போதும் என்பது தவறு: சாயம் இரவில் கடந்துவிடலாம், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீர்த்தும் போகலாம். சரிவின் கீழ்ப்பக்க ஊற்றுகளை மட்டும் கவனிப்பது அதைவிடப் பெரிய தவறு. நிலத்தடி ஓட்டம் மேலுள்ள மேட்டைக் கடந்து அடுத்த பள்ளத்தாக்குக்கே போகக்கூடும்.

நிரப்பியே ஆகவேண்டுமென்றால் பாறையில் நீர் உள்ளே இறங்கும் திறப்பான தொண்டை தெரியும்வரை தோண்டச் சொல்லுங்கள். உள்ளே விழாமல் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் பெருங்கற்கள் அடியில், அதன்மேல் சிறிய கற்கள், பிறகு ஜல்லி, வடிகட்டித் துணி, கடைசியில் நடுவில் சற்று மேடிட்ட களிமண். வெறும் மண்ணைக் கொட்டினால் அடுத்த மழையில் தொண்டைக்குள் இறங்கிவிடும். கான்கிரீட்டால் மூடினால் நீர் ஓரம் தேடி, பக்கத்திலேயே புதுக் குழி திறக்கும்.

புதிதாக நிலம் இடிவது பெரும்பாலும் பாறை கரைவதால் அல்ல, மேலுள்ள மண் ஏற்கெனவே இருக்கும் வெற்றிடத்துக்குள் அரித்துச் செல்லப்படுவதால். கசியும் குழாய், ஓரிடத்தில் குவியும் மழைநீர் வடிகால், நீர்மட்டத்தைச் சட்டென இறக்கும் பம்பு ஆகிய மூன்றையும் மனுவோடு வரும் வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர் ஆய்வில் பணியாற்றும் நிலவியலாளர்கள்