போர்க்காலச் சேவைப் பெயர்ச்சுவர்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

போர்க்காலங்களில் பணியாற்றிய நம் பள்ளியின் ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லோரின் பெயரையும் கல்லில் பொறிக்கும்படி நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வேலை முடிந்துவிட்டது. முன்மண்டபத்தின் நீளச் சுவரில் கருங்கல் பலகைகள் பதித்து, எழுத்து வெட்டி, வண்ணம் ஏற்றி, விளக்கும் போட்டாயிற்று. கல் வேலையில் சொல்லும்படியான சிக்கல் எதுவும் வரவில்லை. யாருடைய பெயர், எந்த வரிசையில், எவ்வளவு பெரிய எழுத்தில் என்பதில்தான் குழுவின் பெரும்பாலான கூட்டங்கள் கழிந்தன. ஆகவே அந்த முடிவுகளுக்கான காரணங்களையே இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முதல் கேள்வி, உயிர் இழந்தவர்களை மட்டும் எழுதுவதா, போன எல்லோரையும் எழுதுவதா என்பது. உலகில் இரண்டு வழக்கமும் உண்டு. பிரான்சில் நாட்டுக்காக இறந்தவர் என்ற தகுதியை 1915 ஜூலை 2-ஆம் தேதிச் சட்டம் உருவாக்கியது. அங்கே ஊர்தோறும் எழுந்த நினைவுச்சின்னங்களில் பெரும்பாலும் இறந்தவர்கள் பெயர்தான். ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. கட்டாய ஆள்சேர்ப்பு கேட்டு 1916-லும் 1917-லும் நடந்த வாக்கெடுப்புகள் இரண்டும் தோற்றதால், முதல் உலகப் போரில் வெளிநாட்டுக் களங்களுக்குப் போன அந்நாட்டுப் படையினர் அனைவரும் தாமாக முன்வந்தவர்கள். அதனால் அங்கே பல ஊர்களிலும் பள்ளிகளிலும் திரும்பி வந்தவர்களின் பெயரும் பலகையில் இருக்கிறது. அமெரிக்காவில் 1917-இல் ஓஹையோ மாநிலத்துப் படை அதிகாரி ராபர்ட் குவைசர், போருக்குப் போன தம் மகன்கள் இருவருக்காக ஒரு கொடியை வடிவமைத்தார். பணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நீல நட்சத்திரம். இறந்துவிட்டால் அது தங்க நட்சத்திரமாகும். வீடுகளில் தொடங்கிய அந்த வழக்கத்தைப் பள்ளிகளும் எடுத்துக்கொண்டன.

நாங்கள் எல்லோரையும் எழுதும் வழியையே தேர்ந்தோம். திரும்பி வந்தவர்கள் தங்கள் இளமையின் நல்ல ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். உடலில் காயத்தோடு வந்து அதே வகுப்பறையில் மறுபடி சாக்கட்டி பிடித்தவர்களும், பாதியில் விட்ட படிப்பைத் தம்மைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முடித்தவர்களும் இவர்களில் அடக்கம். அவர்களை விட்டுவிட்டு ஒரு சுவர் எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. உயிர் இழந்தவர்களின் பெயருக்கு முன்னால் சிறிய நட்சத்திரம் ஒன்று வெட்டியிருக்கிறோம். மற்றபடி வித்தியாசம் இல்லை.

ஆசிரியர்களுக்குத் தனிப் பலகை வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். மரியாதையை நினைத்துக் கேட்டதுதான். அந்தப் பேச்சின்போது குழுவில் ஒருவர் ஜப்பானின் ஒகினாவா தீவைச் சேர்ந்த, ஹிமேயுரி என்று அழைக்கப்படும் மாணவிகளைப் பற்றி எடுத்துச் சொன்னார். 1945 மார்ச் 23 இரவு, அந்தத் தீவின் இரண்டு பெண்கள் பள்ளிகளைச் சேர்ந்த 222 மாணவிகளும் 18 ஆசிரியர்களும் ராணுவ மருத்துவமனைப் பணிக்கு அனுப்பப்பட்டார்கள். மாணவிகளுக்கு வயது 15 முதல் 19 வரை. மருத்துவமனை என்றாலும் அவர்கள் வேலை செய்தது மலையைக் குடைந்த குகைகளில். ஜூன் 18 அன்று அந்த மாணவியர் படை கலைக்கப்பட்டது, இனி அவரவர் பாடு என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பின் வந்த நாட்களில்தான் சாவு அதிகம். மொத்தம் 240 பேரில் 136 பேர் திரும்பவில்லை; அதில் 13 பேர் ஆசிரியர்கள். பிழைத்தவர்களும் பழைய மாணவிகளும் சேர்ந்து 1989-இல் ஒரு அமைதி அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்த ஆசிரியர்களின் பெயரை அவர்களுடைய மாணவிகளிடமிருந்து பிரித்து எழுத முடியுமா என்று யோசித்தபோது, தனிப் பலகை பேச்சு அத்தோடு நின்றது.

அதே வரலாறு வேறொன்றையும் எங்கள் முன் வைத்தது. பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகள் போருக்குப் போனதைப் பெருமையாக மட்டும் காட்டலாமா? சிறுவர்களைப் போரில் ஈடுபடுத்துவதற்கு எதிரான விருப்ப உடன்படிக்கையை (நாடுகள் விரும்பினால் சேரக்கூடியது) ஐ.நா. பொதுச்சபை 2000-இல் ஏற்றது. அது 2002 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் பட்டியலில் உள்ளவர்கள் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லாத காலத்துப் பிள்ளைகள். அவர்கள் பெயரை விடுவதும் தவறு, வயதை மறைப்பதும் தவறு என்று முடிவு செய்தோம். பதினெட்டுக்கு முன் போனவர்களின் பெயருக்கு எதிரே அவர்கள் வயது மட்டும் எண்ணில் இருக்கும். சுவர் முன்னால் நிற்கும் மாணவர்கள் அந்த எண்ணைத் தங்கள் வயதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

பதவியும் பதக்கமும் சுவரில் இல்லை. இதில் எங்களுக்குள் கடைசி வரை கருத்து வேறுபாடு இருந்தது என்பதையும் பதிவு செய்கிறோம். பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இறந்தவர்களின் கல்லறைகளைக் கவனிக்க 1917-இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று விதி வகுத்தது. ஆனால் கொள்கை இருந்தும் நடப்பில் என்ன ஆனது என்பதை அதே ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை ஒத்துக்கொள்கிறது. முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்க, எகிப்தியப் படையினரும் தொழிலாளர்களும், பெயரால் நினைவுகூரப்படவில்லை. சிலருக்கு எந்த நினைவும் இல்லை. அதைப் படித்த பிறகு, துப்பாக்கி பிடித்தவர் மட்டும்தான் சேவை செய்தவரா என்று எங்கள் விதியையே மறுபடி பார்த்தோம். செவிலியர், சமையலர், தூக்குப்படுக்கை சுமந்தவர், தொழிலாளர் படையினர், வணிகக் கப்பலோட்டிகள், தந்தி அடித்தவர் எல்லோரும் இப்போது பட்டியலில் உண்டு. பதவி, பதக்கம் பற்றிய விவரம் நூலகத்தில் வைத்திருக்கும் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கமாக இருக்கிறது.

ராணுவத் தண்டனைக்கு உள்ளானவர்களை என்ன செய்வது என்ற கேள்வியும் எழுந்தது. முதல் உலகப் போரில் படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006-இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் சிலருடைய பெயர் ஊர் நினைவுச்சின்னத்தில் இடம்பெறாமலே இருந்தது. எனவே ஒருவரின் பணி எப்படி முடிந்தது என்பதை வைத்து நாங்கள் யாரையும் விலக்கவில்லை.

வரிசைக்கு வருவோம். அகரவரிசை தேட எளிது. ஆனால் ஒரே பெயர் பலமுறை வந்தால் ஆள் அதற்குள் கரைந்துபோவார். வாஷிங்டனில் 1982-இல் எழுந்த வியட்நாம் போர் நினைவுச்சுவரில் 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. அதை வடிவமைத்தபோது மாயா லின் இன்னும் கல்லூரி மாணவி. பெயர்கள் இறந்த நாள் வரிசையில் இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அதனால் ஒரே நாளில் சேர்ந்து விழுந்தவர்கள் சுவரிலும் சேர்ந்தே இருக்கிறார்கள். நம் சுவரில் வரிசை, பள்ளியில் சேர்ந்த ஆண்டுப்படி. ஆசிரியருக்கு வேலையில் சேர்ந்த ஆண்டு, மாணவருக்குச் சேர்க்கைப் பதிவேட்டு ஆண்டு. ஒரே பெஞ்சில் இருந்தவர்களும், அந்த ஆண்டு புதிதாக வந்த வாத்தியாரும் பக்கத்துப் பக்கத்தில் வருகிறார்கள். தேடுபவர்களுக்கு அகரவரிசை அட்டவணை சுவரின் இடது ஓரத்தில் இருக்கிறது.

பெயர்களைச் சரிபார்க்க சேர்க்கைப் பதிவேடு, ஆசிரியர் வருகைப் பதிவேடு, குடும்பங்கள் காட்டிய விடுவிப்புச் சான்று, போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் ஆகியவற்றைப் பயன்படுத்தினோம். முதலெழுத்தும் பெயரும் ஒன்றாக இருந்த இடங்களில் படை எண்தான் கைகொடுத்தது. இந்த வேலையில் பழைய மாணவர்களின் வீட்டுப் பெண்கள் செய்த உதவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியிலும் பரணிலும் கிடந்த கடிதங்களை எடுத்து, படித்து, தேதி எழுதி அனுப்பியவர்கள் பெரும்பாலும் அவர்களே.

கல்லைப் பற்றிச் சுருக்கமாக. பித்தளைத் தகட்டைத் தேய்த்துத் தேய்த்தே எழுத்து மழுங்கிவிடும், மரப்பலகையில் வண்ணம் மங்கும், அதனால்தான் கருங்கல். எழுத்தை ஆழமாகக் குழித்து வெட்டியிருப்பதால் வண்ணம் போனாலும் படிக்கலாம். சுத்தம் செய்யத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். அமிலமோ கம்பித் தூரிகையோ எக்காரணம் கொண்டும் படக்கூடாது.

கணக்கு தணிக்கை முடிந்து நூலகத்தில் இருக்கிறது, எந்த உறுப்பினரும் பார்க்கலாம். மீதித் தொகையைப் பராமரிப்பு நிதியில் சேர்த்துவிட்டோம். கடைசிப் பலகையைப் புதிய பெயர்களுக்காக வெறுமையாக விட்டிருக்கிறோம். விடுபட்டவர் யாரேனும் இருந்தால், சேர்ந்த ஆண்டும் பணிக்குச் சென்றதற்கான ஒரு ஆதாரமும் போதும், நூலகரிடம் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கல்தச்சர் வந்து வெட்டிக் கொடுக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது.

இப்படிக்கு,
பெயர்ச்சுவர் திருப்பணிக் குழு