வராத பிள்ளையைப் பற்றி, கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

தொடக்கநிலை 2-க்கு நீ வகுப்பாசிரியை ஆகிவிட்டாய். வருகைப் பதிவைச் சின்ன வேலையாக எண்ணிவிடாதே, மா.

சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இங்கே வசிக்கும், சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைகள், 6 வயதைக் கடந்து 15-ஐ எட்டாதவர்கள், தேசியத் தொடக்கப்பள்ளிக்கு ஒழுங்காக வரவேண்டும். வீட்டுக்கல்வி போன்றவற்றுக்கு விலக்குப் பெற்றவர்கள் வேறு. பெயரைப் பதிந்தால் போதும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். சட்டம் கேட்பது தொடர்ந்த வருகையை. மீறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

முதல் அழைப்பிலேயே அபராதப் பேச்சை எடுக்காதே. அடுத்த முறை போனை எடுக்கமாட்டார்கள். நீதிமன்றம் கடைசிப் படி. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் பெரும்பாலும் பள்ளியின் கையில்தான்.

வராத அன்று காலையிலேயே கூப்பிடு. தாமதமாக வந்தவனை 'வரவில்லை' என்றே விட்டுவிடாமல் திருத்து. எம்சியா (மருத்துவச் சான்றிதழ்), பெற்றோர் கடிதமா, காரணமே இல்லையா என்று பிரித்துக் குறி. யாரிடம் பேசினாய், என்ன சொன்னார்கள், தேதி, எல்லாம் எழுது. நாளைக்கு விவகாரம் கல்வி அமைச்சுவரை போனால் அந்தக் குறிப்புகள்தான் பேசும்.

சேர்ந்தாற்போல் ஐந்து நாள் வராதவன் எல்லார் கண்ணிலும் படுவான். திங்கட்கிழமைதோறும் வராதவன் தப்பிவிடுவான். 10 வாரத் தவணையில் அவன் இழப்பது முழுசாக இரண்டு பள்ளி வாரம். எனக்குக் கவலை இவனைப் பற்றித்தான்.

காரணம் பெரும்பாலும் வீட்டில் இருக்கும். அம்மாவுக்கு இரவு வேலை; அக்காள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்; வாடகை வீடு மாறிப் பள்ளி தூரமாகிவிட்டது. பணமுடை என்றால் அமைச்சின் நிதி உதவித் திட்டத்தைச் சொல்லு: கட்டணம், பாடநூல், சீருடை, உணவு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. வீட்டுக்குத் தனியாகப் போகாதே. பள்ளி ஆலோசகரையோ மாணவர் நல அதிகாரியையோ கூட்டிக்கொள். தமிழ்க் குடும்பமென்றால், இந்தியர்களுக்கான உதவி அமைப்பான சிண்டாவையும் நாடலாம்.

திரும்பி வந்த பிள்ளையிடம் வகுப்பு பார்க்க 'ஏன் வரலை' என்று கேட்காதே. விட்டுப்போன பயிற்சித்தாள்களை மொத்தமாகக் கொடுத்தால் மறுநாள் வரமாட்டான். அவசியமான இரண்டு தாள் போதும்.

ஊர்க் கல்யாணத்துக்குத் தவணை நடுவே கூட்டிப்போக நினைப்பவர்கள், டிக்கெட் எடுக்குமுன் பள்ளியிடம் அனுமதி கேட்கவேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவை. அன்றைக்கே பாட்டியின் எண்ணையும் வாங்கிக்கொள். பெற்றோர் எண் எப்போது மாறும் என்று தெரியாது.

அன்புடன்,
அப்பா