தேற்றத்துக்கு முன்னே கவராயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் வடிவியலைக் கண்டு அஞ்சுவது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தேற்றங்கள் மிகுதியாக இருப்பதே அச்சத்துக்குக் காரணம் என்கிறார் கட்டுரையாளர். ஒரு தேற்றத்தைச் சந்திக்கும் முன் மாணவர் தம் கையால் போதிய படங்களை வரைந்திருப்பதில்லை என்பதே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

வரைதல் பாடத்திட்டத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் படிநிலைகளை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணுக்காக எழுதும் செய்முறையாகவே அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கோணத்தை இருசமக் கூறிட வில்களை எங்கே வரைய வேண்டும் என்று தெரிந்த மாணவருக்கு, அந்த வெட்டுப்புள்ளிகளை இணைத்தால் பக்கங்கள் ஒத்த இரு சர்வசம (வடிவிலும் அளவிலும் ஒன்றேயான) முக்கோணங்கள் கிடைக்கும் என்பதும், அதனால்தான் கோணம் சரிபாதியாகிறது என்பதும் தெரிவதில்லை.

இரு பக்கங்களும் அவற்றுக்கு இடையில் அமையாத ஒரு கோணமும் சமமாக இருந்தால் மட்டும் இரு முக்கோணங்கள் சர்வசமமாகிவிடா என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதை வரைந்து பார்க்கச் செய்தால் என்ன? 7 செ.மீ. நீளத்தில் அஆ என்ற கோட்டுத்துண்டு, அ என்னும் முனையில் 30 பாகைக் கோணத்தில் ஒரு கதிர், பிறகு ஆ-வை மையமாகக் கொண்டு 4 செ.மீ. ஆரத்தில் ஒரு வில். அந்த வில் கதிரை இரண்டு இடங்களில் வெட்டும். ஒரே அளவுகளுக்கு இரண்டு வெவ்வேறு முக்கோணங்கள் தாளில் நிற்கும். ஆரத்தை 3.5 செ.மீ. ஆக்கினால் வில் கதிரைத் தொட்டு மட்டும் செல்லும், செங்கோண முக்கோணம் ஒன்றே கிடைக்கும், 3 செ.மீ. என்றால் எட்டவே எட்டாது. 7-இல் சரிபாதியில் இது ஏன் நிகழ்கிறது என்று மாணவர் கேட்டால், முக்கோணவியலுக்குள் அவர் தாமாகவே வந்துவிட்டார் என்று பொருள்.

கண் ஏமாறும், ஆகவே படத்தை நம்பக் கூடாது என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நிரூபணத்தின் தேவையை உணர்த்துவதும் படம்தான். முக்கோணத்தின் மூன்று கோண இருசமவெட்டிகளை வரையும்போது அவை ஒரு புள்ளியில் சந்திக்காமல் நடுவே மிகச் சிறிய முக்கோணம் ஒன்று விழுவதுண்டு. அது பென்சில் முனையின் பிழையா, உண்மையிலேயே அப்படித்தானா என்ற ஐயம் எழும்போது, நிரூபணம் மாணவருக்கு வேண்டிய பொருளாகிவிடுகிறது. எந்தக் கோணத்தையும் அளவுக் குறிகளற்ற அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு மூன்று சமபாகமாக்கும் பொதுமுறை இல்லை என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வான்ட்ஸெல் 1837-இல் நிறுவினார். கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் தோராய முறைகளோ பல உண்டு. பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிடும் தம் ‘மூலங்கள்’ என்ற வடிவியல் நூலின் முதல் பகுதியை வரைதலோடுதான் தொடங்குகிறார்: கொடுக்கப்பட்ட கோட்டின் மேல் சமபக்க முக்கோணம் அமைப்பதே அதன் முதல் கூற்று.

ஆசிரியர்கள் விரிகோண முக்கோணங்களையும் சாய்ந்த அடிப்பக்கங்களையும் நிறையத் தர வேண்டும். குறுங்கோண முக்கோணத்தை மட்டுமே வரைந்து பழகியவர், சுற்றுவட்ட மையம் (மூன்று முனைகள் வழியாகவும் செல்லும் வட்டத்தின் மையம்) முக்கோணத்துக்கு வெளியே விழுந்தவுடன் தாம் தவறாக வரைந்துவிட்டதாக எண்ணி அழித்துவிடுகிறார். புள்ளிகளை இழுத்துப் பார்க்க உதவும் கணினி மென்பொருள்கள் மிகவும் நல்லவை. கை ஓரளவு பழகிய பிறகு அவற்றைத் தரலாம்.

தங்கள் இதழின் மாணவர் பகுதியில் விடையோ படமோ தராமல், வரைந்து காண வேண்டிய கணக்கு ஒன்றை இதழ்தோறும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் கணக்காக இதைத் தரலாம்: பக்கங்கள் எவையும் சமமில்லாத ஒரு நாற்கரத்தை வரைந்து, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைக்கவும். கிடைக்கும் உருவம் எது? வேறொரு நாற்கரத்தில் தொடங்கினாலும் அதுவே கிடைக்குமா?

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்