பேரிடர் உதவி நிதியை முன்கூட்டியே உறுதிசெய்து, கூட்டுத் திட்டத்தின் வழியே வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நிவாரணப் பணி ஒருங்கிணைப்பாளர்,
பேரிடர் நிவாரணத் தன்னார்வ அமைப்பு.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
வெளிநாட்டு மனிதாபிமான உதவிப் பிரிவு,
வெளியுறவு அமைச்சகம்.

பொருள்: அடுத்த நிதியாண்டின் மனிதாபிமான உதவி ஒதுக்கீடு – வழங்கும் முறையை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டுக் கோப்பு தங்கள் மேசைக்கு வரும் நேரம் இது. அது கையெழுத்தாவதற்குள் இந்த மனுவைத் தாங்கள் படித்துவிட வேண்டும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தொகை கூடினால் நல்லதுதான். ஆனால் எவ்வளவு தருகிறோம் என்பதைப் போலவே எப்போது, எந்த வழியில் தருகிறோம் என்பதும் உயிர்களைத் தீர்மானிக்கிறது. நம் அரசு தரும் பணம் பேரிடருக்கு முன்பே உறுதியாக வேண்டும். களத்தில் இருப்பவர்கள் சேர்ந்து போட்ட ஒரே திட்டத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும்.

சோமாலியாவில் 2010ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே மழை பொய்க்கும், உணவுத் தட்டுப்பாடு வரும் என்ற எச்சரிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. தெற்குப் பகுதிகளில் பஞ்சம் என்று ஐ.நா. அறிவித்தது 2011 ஜூலை 20 அன்று. பெரிய தொகைகள் அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் ஓடி வந்தன. பஞ்சமும் உணவு நெருக்கடியும் ஏறக்குறைய 2,58,000 பேரைக் கொன்றதாகப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அங்கே போர் இருந்தது, உதவி போய்ச்சேர முடியாத பகுதிகளும் இருந்தன. பழி முழுவதையும் பணத்தின் தாமதத்தின் மேல் போட முடியாது. ஆனால் எச்சரிக்கை கையில் இருந்தும் மாதக்கணக்கில் காத்திருந்தது நிதி கொடுக்கும் அரசுகள்தான்.

இதற்கு நேர்மாறாக ஒன்று 2020 ஜூலையில் வங்கதேசத்தில் நடந்தது. ஜமுனா ஆற்றில் (அங்கே பிரம்மபுத்திராவுக்கு அந்தப் பெயர்) பெருவெள்ளம் வரும் என்ற முன்னறிவிப்பு குறித்த அளவைத் தாண்டியதும், ஐ.நா.வின் மத்திய அவசரகால உதவி நிதியிலிருந்து 52 லட்சம் டாலர் சில மணி நேரத்தில் விடுவிக்கப்பட்டது. வெள்ளம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே குடும்பங்களுக்குப் பணமும், கால்நடைகளுக்குத் தீவனமும், பொருட்களைப் பத்திரப்படுத்த டிரம்களும் போய்ச் சேர ஆரம்பித்தன. முன்னறிவிப்பு எந்த அளவைத் தொட்டால் பணம் வரும், எவ்வளவு வரும், யார் என்ன வேலை செய்வார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்து வைத்திருந்தார்கள். அதனால்தான் அன்றைக்குப் புதிதாக முடிவெடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கான அடித்தளம் புதிதல்ல. 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய 46/182 தீர்மானம்தான் அவசரகால உதவி ஒருங்கிணைப்பாளர் பதவியையும், எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான நிதிக் கோரிக்கை முறையையும் உண்டாக்கியது. குடிநீர், உணவு, தங்குமிடம், சுகாதாரம் என்று துறைவாரியாகப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளும் முறை 2005இல் வந்தது. குறை எங்கே என்றால், திட்டம் ஒன்றாக இருக்கிறது, பணம் மட்டும் தனித்தனி நிபந்தனைகளோடு வருகிறது.

அது களத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முகாமுக்குத் தண்ணீர் லாரிகள் வந்து நின்றன. தண்ணீருக்கான நிதி ஒரு நாட்டிலிருந்து வந்தது, ஒப்பந்தமும் தயார். தண்ணீரைப் பிடித்து வைக்கக் குடமும் கேனும் வேறொரு நாட்டின் நிதியில், வேறு கணக்குத் தலைப்பில் இருந்தன. அவை வந்து சேரவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர், குடும்பத்துக்கு இரண்டு பாத்திரங்கள் என்று சர்வதேசத் தரவிதிகளே ஒரே மூச்சில் சொல்கின்றன. சமையல் பாத்திரத்திலும் எண்ணெய் டப்பாவிலும் பெண்கள் தண்ணீர் பிடித்துப் போனார்கள், மீதி தரையில் ஓடியது. தண்ணீர்த் தலைப்பில் மிச்சப் பணம் இருந்தும் அதில் கேன் வாங்க முடியாது. வாங்க வேண்டுமானால் நிதி கொடுத்தவரிடமிருந்து திருத்த ஒப்புதல் கடிதம் வர வேண்டும். கடிதம் வந்தபோது முகாமில் வயிற்றுப்போக்கு பரவிவிட்டது.

கேட்காமல் பொருளாக வரும் உதவி இன்னொரு சுமை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு ஏறக்குறைய 4,000 டன் மருந்து வந்து இறங்கியது. அதில் பெரும்பகுதியின் மேலுறையில் உள்ளூர் மருத்துவர்களுக்குத் தெரியாத மொழி. காலாவதியானதும் இருந்தது. வந்த மருந்தைப் பிரித்து அடுக்கவும், உதவாததை அழிக்கவும் ஆளும் பணமும் வேண்டியிருந்தது. அனுப்பியவர்களின் மனது நல்ல மனதுதான். என்ன வேண்டும் என்று ஒரு இடத்தில் கேட்டு, அந்தப் பட்டியலுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் போதும்.

பணம் குறைந்துவரும் காலத்தில் இது இன்னும் அவசரம். 2025ஆம் ஆண்டுக்கு உலக அளவில் 4,700 கோடி டாலர் வேண்டும் என்று ஐ.நா. கேட்டிருந்தது. நிதி வராததால் ஆண்டின் நடுவில் அதை 2,900 கோடியாகச் சுருக்கி, மிகமிக அவசரமானவற்றை மட்டும் முன்னால் வைத்தார்கள். இப்படிச் சுருங்கும்போது யாருக்கு அடி விழும் என்பதற்கு வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் உள்ள ரோஹிங்கியா அகதி முகாம்களே சாட்சி. 2023இல் அங்கே ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி முதலில் 10ஆகவும், பிறகு 8 டாலராகவும் குறைந்தது. அந்த மக்களுக்கு வெளியே போய் வேலை செய்யவும் அனுமதி இல்லை.

ஆகவே நான் கேட்பது இவை. ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு நிலையான பங்கை நிதியாண்டின் தொடக்கத்திலேயே மத்திய அவசரகால உதவி நிதிக்கும், நெருக்கடி உள்ள நாடுகளுக்காகப் பல நாடுகள் தரும் பணத்தை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் கூட்டு நிதிகளுக்கும் வழங்கிவிடுங்கள். அதை ஓராண்டுக்கு மட்டும் சொல்லாமல், சில ஆண்டுகளுக்குச் சேர்த்து உறுதி கொடுங்கள். முன்னறிவிப்பு குறித்த அளவைத் தொட்டால் அமைச்சக ஒப்புதலுக்குக் காத்திராமல் பணம் வெளியாகும் ஏற்பாட்டுக்கு ஒரு பகுதியைத் தனியாக வையுங்கள். மற்ற நிதியில் குறைந்தது 30 சதவீதமாவது ‘இன்ன வேலைக்கு மட்டும்’ என்ற நிபந்தனை இல்லாமல் போகட்டும். 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டின்போது நிதி கொடுக்கும் நாடுகளும் உதவி அமைப்புகளும் ஒப்புக்கொண்ட இலக்குதான் அது. உள்ளூர் அமைப்புகளுக்கு 25 சதவீதம் என்றும் அப்போதே பேசப்பட்டது, இன்னமும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. முதல் நாளே களத்தில் நிற்பவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். அவர்களுக்கு வேலைக்கான பணம் கிடைக்கிறது. கணக்காளர் சம்பளம், அலுவலக வாடகை போன்ற நிர்வாகச் செலவு கிடைப்பதில்லை. இடையில் இருக்கும் பெரிய அமைப்பு பெறும் நிர்வாகச் செலவில் அவர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்பதை நம் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். அப்புறம், அறிக்கைப் படிவம். நாட்டுக்கு ஒரு படிவம் என்று ஒரே வேலைக்கு ஐந்து அறிக்கை எழுதும் நிலை இருக்கிறது. பொதுப் படிவம் ஒன்று ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதையே நாமும் ஏற்றுக்கொள்ளலாம்.

கூட்டு நிதியில் போட்டால் நம் பணம் எங்கே போனது என்று நாடாளுமன்றத்தில் எப்படிப் பதில் சொல்வது என்ற கேள்வி தங்களுக்கு எழும். நியாயமான கேள்வி. எந்த நாட்டின் நெருக்கடிக்கு, எந்த அமைப்புக்கு, எவ்வளவு போனது என்பதை அந்த நிதிகள் வெளிப்படையாகப் பதிவிடுகின்றன, தணிக்கையும் உண்டு. மூட்டையின் மேல் நம் கொடி அச்சாகாமல் போகலாம். அந்த ஓர் இழப்பை நாம் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இந்த முறையை ஒரே ஆண்டில் முழுமையாகக் கொண்டுவர முடியாது என்றால், முன்னறிவிப்பை வைத்து விடுவிக்கும் நிதியையாவது வரும் ஏப்ரலுக்குள் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். களத்தில் நிதி எப்படிச் செலவாகிறது என்பதை ஆவணங்களுடன் நேரில் விளக்கவும் தயாராக இருக்கிறேன். சந்திக்க நேரம் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
தங்கள் உண்மையுள்ள,
நிவாரணப் பணி ஒருங்கிணைப்பாளர்