சனியைச் சுத்தின 13 வருஷ வேலையும் செய்திதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஏ.எல். பிள்ளையளுக்கு பௌதிகவியல் படிப்பிக்கிற ஒராள், உங்கட பேப்பர் எங்கட வீட்டுக்கு நாளாந்தம் வருது. கனகாலமா மனசுல கிடக்கிற ஒரு விஷயத்தை எழுதிறன். சனிப்பெயர்ச்சி வந்தா நம்மட பேப்பர்கள் எல்லாம் பக்கம் பக்கமா பலன் போடுது, பரிகாரம் போடுது, அதை நான் குறை சொல்ல வரல்ல, எங்கட அம்மாவும் அதைப் படிச்சுப் போட்டுத்தான் சனிக்கிழமையில எள்ளெண்ணெய் எரிக்கப் போறவ. ஆனா அதே சனியை ஒரு விண்கலம் 13 வருஷம் விடாமச் சுத்தி வேலை செய்தது, அதில பேப்பர்ல எனக்குக் கண்ணில பட்டது போய்ச் சேர்ந்த செய்தியும் கடைசியா எரிஞ்சு முடிஞ்ச செய்தியும்தான். நடுவுல நடந்த வேலையை ஒருத்தரும் எழுதல்ல.

காசினி எண்ட அந்த விண்கலம் 1997 அக்டோபர் 15 வெளிக்கிட்டு 2004 யூலை 1இல சனியைப் போய்ப் பிடிச்சது, பஞ்சாங்கக் கணக்கில சொன்னா அப்ப சனி மிதுனத்தில, 2017 செப்டம்பர் 15இல காசினி முடியக்குள்ள சனி விருச்சிகத்தில. அவ்வளவு காலத்தில 294 தரம் சனியைச் சுத்தியிருக்கு, நாலரை லட்சத்துக்கு மேல படம் அனுப்பியிருக்கு. போன கிழமை வகுப்பில ஒரு பிள்ளை கேக்குது, "சேர், அது ஒருக்காப் போய்ச் சேர்ந்தா பிறகு ஈர்ப்புவிசையில தன்பாட்டில சுத்தும்தானே, பிறகு ஆக்களுக்கு என்ன வேலை" எண்டு. நல்ல கேள்வி. பிள்ளையில பிழை இல்ல, நாம சொல்லிக் குடுக்கல்ல.

அந்த வேலையில ஒரு நாளைச் சொல்றன். காசினியில 12 கருவி, எல்லாம் உடம்போட இறுக்கிப் பூட்டினது. திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒரு தட்டு வைக்கிற பிளான் முதல்ல இருந்தது, 1992இல செலவைக் குறைக்கிறதுக்காக அதை எடுத்துப் போட்டாங்க, அதால கமெரா ஒரு பக்கம் பார்க்க வேணுமெண்டா முழு விண்கலமும் திரும்ப வேணும், கமெரா சனியின்ர பெரிய நிலவான டைட்டனைப் பார்க்கிற நேரம் இன்னொரு கருவிக்குத் தேவையான பக்கம் கிடைக்காது, 4 மீட்டர் அன்டனாவும் பூமியைப் பார்க்காது. அப்ப ஆருக்கு எத்தின மணித்தியாலம் எண்டு பங்கு போட வேணும், நம்மட வயல்ல வட்டவிதானை எந்தக் கண்டத்துக்கு எப்பத் தண்ணி எண்டு முறை வைக்கிற மாதிரித்தான், அதில வாற வாக்குவாதமும் அப்பிடித்தான். விஞ்ஞானியள் மாசக் கணக்கா முந்தியே இருந்து கதைச்சு நிமிஷம் நிமிஷமாப் பிரிச்சு, கிழமைக் கணக்கில ஓடக்கூடிய கொமாண்ட் வரிசையா எழுதி, சரி பார்த்து, திரும்பவும் சரி பார்த்து மேல அனுப்புவாங்க, விண்கலம் தன்ர மணிக்கூட்டைப் பார்த்து ஒவ்வொண்டாச் செய்துகொண்டு போகும். சாதாரணமா ஒரு 15 மணித்தியாலம் பார்க்கிறது, பிறகு ஒரு 9 மணித்தியாலம் அன்டனாவைப் பூமிக்குத் திருப்பி, சேர்த்து வச்ச டேட்டாவை அனுப்புறது. ஒவ்வொரு நாளும் இதுதான்.

அனுப்பிற ரேடியோவின்ர வலு 20 வாட். சிக்னல் ஒரு பக்கம் வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும், தூரம் கூடின காலத்தில ஒண்டரை மணித்தியாலம் மட்டும் போகும். அதைப் பிடிக்கத்தான் கலிபோர்னியாவில கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினில மட்ரிட், அவுஸ்திரேலியாவில கன்பெரா எண்டு மூண்டு இடத்தில பெரிய பெரிய டிஷ் வச்சிருக்கிறாங்க, பூமி சுத்தச் சுத்த ஏதாவது ஒண்டுக்குச் சனி தெரியும். இடையில ஏதும் பிழைச்சா "நில்லு" எண்டு சொல்லி, அது நிண்டுதா எண்டு தெரிய ரெண்டரை, மூண்டு மணித்தியாலம் போயிரும், அதால எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிச்சு வைக்கிறதுதான் வேலையே.

ஒரு கொமாண்ட் விடுபட்டா என்னாகும் எண்டதுக்கும் உதாரணம் இருக்கு. 2005 ஜனவரி 14இல ஹைகன்ஸ் எண்ட சின்னக் கலம் டைட்டன்ல இறங்கக்குள்ள அது ரெண்டு சனல்ல அனுப்பினது, காசினியில ஒரு சனலுக்குரிய ரிசீவரை ஒன் பண்ணிற கொமாண்டைச் சேர்க்காம விட்டுட்டாங்க, கிட்டத்தட்ட 700 படத்தில பாதி அப்பிடியே போயிட்டுது. 7 வருஷம் பயணம் போய், ஒரு வரி இல்லாததால. இதைப் பிள்ளையளுக்குச் சொன்னா விடைத்தாளைத் திரும்ப ஒருக்காச் சரி பார்க்கச் சொல்லி நான் கத்தத் தேவையில்ல.

திரும்பிற விஷயத்திலயும் பார்க்க எவ்வளவோ இருக்கு. காசினிக்குள்ள மூண்டு சில்லு சுத்திக்கொண்டிருக்கும், சில்லின்ர வேகத்தைக் கூட்டிக் குறைச்சாத்தான் விண்கலம் மற்றப் பக்கம் திரும்பும், கோண உந்தக் காப்பு எண்டு ஏ.எல்.ல படிக்கிறதேதான். அந்தச் சில்லு ரொம்ப மெதுவாச் சுத்தினா பெயாரிங்ல எண்ணெய் சரியாப் பரவாமத் தேயும், அதால எந்த நேரம் எந்தச் சில்லு என்ன வேகத்தில ஓடும் எண்டு முதலே கணக்குப் போட்டு மெதுவான வேகத்தில கனநேரம் நிக்க விடமாட்டாங்க. ஒரு சில்லு சனிக்குப் போக முந்தியே கோளாறு காட்ட, மேலதிகமாக் கொண்டுபோன நாலாவது சில்லை எடுத்தாங்க. சின்ன ராக்கெட்டுகள் தேஞ்சு வரக்குள்ள 2009 மார்ச்சில மாற்று செட்டுக்கு மாறினாங்க. 2010 நவம்பர்ல கொம்பியூட்டர்ல ஒரேயொரு பிட், அதாவது 0 அல்லது 1 எண்ட ஒரு இலக்கம், மாறினதில விண்கலம் தானாவே சேஃப் மோடுக்குப் போய், வேலையை எல்லாம் நிப்பாட்டிப் போட்டு பூமியைப் பார்த்துக்கொண்டு நிண்டது, திரும்ப வழமைக்குக் கொண்டு வர மூண்டு கிழமை, அதுக்குள்ள ஒரு டைட்டன் சந்திப்பில அளவு எடுக்க வேண்டிய சந்தர்ப்பமும் போச்சு. எட்டாத தூரத்தில நிக்கிற ஒரு மெஷினை இப்பிடி 20 வருஷம் பராமரிச்சது எனக்கு ராக்கெட் எழும்பிறதை விடப் பெரிய விஷயமாத் தெரியுது.

பெரிய கண்டுபிடிப்பு வந்ததும் இந்த வழமையான அளவெடுப்பில இருந்துதான். 2005 தொடக்கத்தில என்செலாடஸ் எண்ட சின்ன நிலவுக்குப் பக்கத்தால போகக்குள்ள காந்தமானி காட்டின அளவு எதிர்பார்த்த மாதிரி இல்ல, சனியின்ர காந்தப்புலம் அந்த நிலவுக்கிட்ட வளைஞ்சு நிக்குது. மிஷெல் டோஹெர்ட்டி தலைமையிலான காந்தமானிக் குழு "அடுத்த முறை இன்னும் கிட்டப் போவம்" எண்டு கேட்டு, ஏற்கனவே போட்டு முடிச்ச பிளானை மாத்தி, யூலையில 1000 கி.மீ. எண்டிருந்ததை 170 கி.மீ. அளவுக்கு இறக்கினாங்க. அந்த வருஷம் முடியக்குள்ள தென்துருவ வெடிப்புகளால தண்ணி ஆவியும் ஐஸ்துகளும் பீச்சியடிக்கிற படம் கையில. பனிக்கட்டிக்குக் கீழ கடல் இருக்கு எண்டு இண்டைக்கு எல்லாரும் பேசிறதுக்கு முதல் அடி அந்த ஒரு வளைஞ்ச கோடு.

கடைசியில எரிபொருள் முடியிற கட்டம் வர, கட்டுப்பாடில்லாமத் திரிஞ்சு என்செலாடஸ்லயோ டைட்டன்லயோ விழுந்து பூமியின்ர கிருமியைக் கொண்டு சேர்த்திரக்கூடாது எண்டு வேணுமெண்டே சனிக்குள்ள விட்டாங்க. அந்தக் கடைசி சிக்னலைக் கன்பெரா டிஷ் பிடிச்சது நம்மட நேரம் பின்னேரம் 5.25க்கு. நம்மட பிள்ளையள் ரியூஷன் முடிஞ்சு சைக்கிள்ல வீட்டுக்குப் போற நேரம், ஆருக்கும் தெரியாது.

ஆசிரியர் ஐயா, நான் இப்ப இதைக் கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. யுரோப்பா கிளிப்பர் எண்ட விண்கலம் 2024 அக்டோபர்ல வெளிக்கிட்டது, 2030இல வியாழனைப் போய்ச் சேர இருக்கு, ஐரோப்பாக்காரரின்ர ஜூஸ் 2023இல வெளிக்கிட்டது, 2031இல சேர இருக்கு. இண்டைக்கு 10ஆம், 11ஆம் ஆண்டு படிக்கிற பிள்ளையள் அப்ப கம்பசில இருப்பாங்க. திரும்பவும் போய்ச் சேர்ந்தண்டு ஒரு படம், பழுதான அண்டு ஒரு படம் எண்டு போட்டு விட்டிராதீங்க. கிழமைக்கு ஒருக்கா ஒரு சின்னப் பெட்டி தாங்க, இந்தக் கிழமை எந்த விண்கலம் எங்க நிக்குது, எதைப் பார்த்தது, என்ன பழுது வந்தது, எப்பிடிச் சமாளிச்சாங்க எண்டு அவ்வளவுதான். கொழும்பில இருந்து மொழிபெயர்த்து வாற ரெண்டு வரியை நம்பி இருக்கத் தேவையில்ல, மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு மாவட்டத்திலயும் இதை எழுதக்கூடிய ஆசிரியர்மார் இருக்கிறாங்க, கேட்டா எழுதுவாங்க.

நானும் எழுதித் தாறன், காசு ஒண்டும் வேணாம். முதல் கிழமைக்கு, 2006 மார்ச்சில இருந்து செவ்வாயைச் சுத்திக்கொண்டிருக்கிற மார்ஸ் ரிகனைசன்ஸ் ஓர்பிட்டர் எப்பிடிக் கீழ ஓடித்திரியிற ரோவர்களின்ர டேட்டாவை வாங்கிப் பூமிக்கு அனுப்புது எண்டதை எழுதலாம் எண்டிருக்கிறன், எத்தினை சொல்லுக்குள்ள வேணும் எண்டு மட்டும் சொல்லுங்க, புதன்கிழமை பின்னேரத்துக்குள்ள அனுப்பிருவன்.

இப்படிக்கு,
உங்கட வாசகர்,
களுவாஞ்சிகுடி.