பயோடேட்டா பெட்டியை எடுத்துவிட்டு ஒரு மேசை போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோவைப் பட்டறைகளில் ஆள் பற்றாக்குறை குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தொழிற்கண்காட்சிகளில் நாம் ஆள் தேடும் லட்சணத்தையும் பேச வேண்டும்.

கோவை கொடிசியா வளாகத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இன்டெக் என்ற இயந்திரக் கண்காட்சி நடக்கிறது. பெங்களூரில் இம்டெக்ஸ். நாம் ஆண்டு முழுக்கத் தேடும், மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் செட்டரும் அதை ஓட்டும் ஆபரேட்டரும் ஐடிஐ முடித்த பையன்களும் அங்கே சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து நிற்கிறார்கள். மெஷின் ஓடும்போது கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்ப்பவருக்கு வேலையில் ஆசை இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஆனால் வாங்க வந்தவர் இல்லை என்று தெரிந்ததும் விற்பனை ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். ஸ்டால் ஓரத்தில் ஒரு பயோடேட்டா பெட்டி இருக்கும். அதில் போட்ட தாளுக்குப் பதில் வந்ததாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பெட்டி இருக்கும் இடத்தில் ஒரு மேசை போடுங்கள். அதன்மேல் ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, அதன் டிராயிங், அளக்க ஒரு வெர்னியர், அதைவிட நுட்பமாக அளக்கும் ஒரு மைக்ரோமீட்டர். டிராயிங்கில் பேரிங் உட்காரும் இடத்துக்கு 25 மில்லிமீட்டர், எச்6 என்று இருக்கட்டும். எச்6 என்பது அளவு எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் குறியீடு. அதாவது 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை குறையலாம், கூடவே கூடாது. ஷாஃப்ட்டை வேண்டுமென்றே 20 மைக்ரான் குறைத்துக் கடைந்து வையுங்கள். 'இந்த ஷாஃப்ட் பாஸா, ரிஜெக்டா?' என்று மட்டும் எழுதிப் போடுங்கள். வெர்னியரை வைத்துப் பார்த்து 'சரியா இருக்கு' என்று போகிறவர் பலர் இருப்பார்கள். மைக்ரோமீட்டரை எடுத்து, முதலில் அதை மூடி ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஷாஃப்ட்டைத் துணியால் துடைத்து அளக்கிறார் பாருங்கள், அவரை விடாதீர்கள். எந்தச் சான்றிதழும் இதைக் காட்டாது.

மேசைக்குப் பின்னால் ஹெச்ஆர் ஆள் உட்கார வேண்டாம். ஷாப் ஃப்ளோர் ஃபோர்மேன் உட்காரட்டும், முடிந்தால் முதலாளியே உட்காரட்டும். 2012இல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டுக்கு அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமைத் தலைவர் ஜெனரல் கீத் அலெக்சாண்டர் டி-ஷர்ட்டும் ஜீன்ஸுமாக நேரில் வந்து, 'உங்கள் திறமை எங்களுக்கு வேண்டும்' என்று ஹேக்கர்களிடம் பேசினார். அடுத்த ஆண்டே, அந்த முகமை மக்களை ரகசியமாகக் கண்காணிப்பதை ஸ்னோடன் என்பவர் அம்பலப்படுத்திய விவகாரம் வெடித்தது. இந்த முறை அரசு ஆட்கள் வராமல் இருப்பது நல்லது என்று மாநாட்டை நடத்துபவரே சொல்லிவிட்டார். நேரில் வந்து சம்பாதித்த நல்ல பெயர் நம்பிக்கை போனதும் அப்படியே போயிற்று.

நம் ஊரிலும் நம்பிக்கை போவதற்கு வழி இருக்கிறது. பக்கத்து ஸ்டாலில் டெமோ காட்டிக்கொண்டிருக்கும் பையனிடம் போய், 'அங்கே எவ்வளவு தர்றாங்க? நான் ரெண்டாயிரம் கூடத் தர்றேன்' என்று காதில் சொல்வது. இதைத் திறமை தேடுவது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பையனை வளர்த்தவர் ஒரு சின்னப் பட்டறைக்காரராக இருப்பார். புதிதாக ஒருவரைக்கூட நாம் உருவாக்கவில்லையே! அப்ரண்டிஸ் எடுத்தால், ஸ்டைபெண்டில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. அந்த விவரத்தை மேசையிலேயே சொல்லி, சம்பளம், ஷிஃப்ட், தங்குமிடம் எல்லாவற்றையும் பலகையில் எழுதி வைக்கலாம். மேசைக்கு வந்த எல்லோருக்கும், 'இல்லை' என்றாலும் சரி, ஒரு வாரத்தில் போனில் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் கண்காட்சி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு வேலை நாளில் லீவு கிடைக்காது. ஞாயிறு ஒரு அரை நாளை இதற்கென ஒதுக்கி, ஐடிஐ, டிப்ளமோ மாணவர்களையும் தொழிலாளர்களையும் கட்டணமின்றி உள்ளே விடுங்கள்.

தனி ஸ்டால் எடுக்க முடியாத சிறு பட்டறைகள் நான்கைந்து சேர்ந்து அடுத்த இன்டெக்கில் ஒன்று எடுக்கலாம். யாராவது முன்வந்தால் மேசைக்கு வேண்டிய ஷாஃப்ட்டுகளை எங்கள் பட்டறையில் கடைந்து தருகிறேன்.

இப்படிக்கு,
சிறு பட்டறை நடத்தும் வாசகர்,
கணபதி, கோவை–6