டிரங்குப் பெட்டியில் இருந்த விருப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்தானம் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியைப் படித்தபோது, எங்கள் வீட்டில் நேர்ந்த ஒன்றை எழுதத் தோன்றியது. குடியாத்தம் அருகே உள்ள எங்கள் கிராமத்தில் என் தந்தையார் காலமானபோது, புதைப்பதா எரிப்பதா என்று பங்காளிகளும் தாய்மாமன் வீட்டாரும் ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்று நெடுநேரம் வாதாடினர். மழைக்காலத்தில் குழிக்குள் நீர் ஊறிவிடும் என்று ஒருவர் சொன்னதே முடிவாகி, நகரத்து எரிவாயு தகன மேடைக்குக் கொண்டு சென்றோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ரேஷன் அட்டையைத் தேடி அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான், கண்களைக் கொடுத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் தம்மைப் புதைக்கும்படி அவர் எழுதி மடித்து வைத்திருந்த தாள் கிடைத்தது. இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய கண்கள் அவை.

உயிலில் எழுதிவிட்டால் போதும் என்று எண்ணுவோர் பலர். சொத்துக்கு அது சரி; ஆனால் உயில் பெரும்பாலும் காரியத்துக்குப் பிறகே பிரித்துப் படிக்கப்படுகிறது. உடல்தானத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் எழுதிக் கொடுத்திருந்தாலும், அந்த நேரத்தில் பிள்ளைகளில் ஒருவர் மறுத்தால், மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக உடலைப் பெற்றுக்கொள்வதில்லை. 'என் கொல்லையிலேயே புதையுங்கள்' என்பது நம் பக்கத்துப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் ஆசை. ஊராட்சிப் பகுதிகளுக்கான 1999ஆம் ஆண்டு விதிகள், குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் அடக்கம் செய்வதைக் கட்டுப்படுத்துகின்றன என்பதையும், சொந்த நிலமானாலும் அனுமதி தேவை என்பதையும் அறியாமல் அந்த ஆசையைச் சொல்லிவிட்டுப் போனால், பிணத்தை வைத்துக்கொண்டு அலுவலகப் படியேறுவது பிள்ளைகளின் பாடாகிறது.

ஆகவே, எழுதி வைப்பதோடு நில்லாமல், அந்த முதல் சில மணி நேரம் அருகில் இருக்கப்போகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பங்காளிகளில் மூத்தவர் ஒருவரும் அப்போது உடனிருப்பது நல்லது. சென்ற பொங்கலன்று நான் இந்தப் பேச்சை எடுத்தேன். "நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு மாமா இது!" என்று என் மருமகள் எழுந்து போய்விட்டார். சற்று நேரம் கழித்து அவரே திரும்பி வந்து, மேளம் வைக்கலாமா என்று கேட்டார். மேளம் இருக்கட்டும், பட்டாசும் சாலையெல்லாம் பூ இறைப்பதும் வேண்டாம் என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.